காவல்துறை வெளியிடும் படங்கள்: எதைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும், கசிந்தால் என்ன செய்யலாம் – முழுமையான வழிகாட்டி

2019 மார்ச்சில் பொள்ளாச்சி பாலியல் வழக்கு தமிழ்நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பிரஸ் மீட்டில் சொல்லிவிட்டார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் அந்தப் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் பூட்டப்படாமல் கிடந்தது. பலர் அதைப் பதிவிறக்கிப் பரப்பினார்கள். அப்போதும் உயர் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இரண்டிலும் கசிந்தது பெயரும் விவரமும்தான். படம் கசிந்தால் பாதிப்பு இன்னும் வேகமாகப் பரவும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, அவருடைய முகமும் உடலும் நாடு முழுக்க செல்போன்களில் சுற்றின. ஆகஸ்ட் 20 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அவர் பெயர், படம், வீடியோ எல்லாவற்றையும் எல்லாச் சமூக ஊடகங்களிலிருந்தும் நீக்க உத்தரவிட வேண்டியிருந்தது.

இந்த வழிகாட்டி படம் கைமாறும் வழியில் நிற்கிற எல்லோருக்கும்: ஸ்டேஷன் ரைட்டர், விசாரணை அதிகாரி, மாவட்ட நிருபர், வாட்ஸ்அப் குழு அட்மின், முக்கியமாக அந்தப் படத்தில் இருப்பவரின் குடும்பம். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்களுக்குப் பார்க்க உரிமை உள்ளது காவல்துறையின் வேலை. எப்போது புகார் வந்தது, எப்போது எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், யார் விசாரிக்கிறார்கள், ஏன் தாமதம் என்பதெல்லாம் அந்த வேலையில் வரும். பாதிக்கப்பட்டவரின் முகம் வராது. நம் ஊரில் பல வழக்குகளில் இது தலைகீழாக நடக்கிறது. தாமதத்துக்கான காரணம் ரகசியமாக இருக்கிறது, அழுகிற தாயின் முகம் மாலைச் செய்தியில் வருகிறது.

படி 1: இந்தப் படம் எதற்கு?

படத்தை வெளியிடும் முன் ஒரே வரியில் பதில் எழுத முடிய வேண்டும்: மக்கள் இதைப் பார்த்து என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்? "காணாமல் போன குழந்தையைப் பார்த்தால் போன் செய்ய வேண்டும்", "தலைமறைவானவர் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும்", "இந்த உடல் யாருடையது என்று சொல்ல வேண்டும்". இவை காரியங்கள். "நாங்கள் நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று தெரிய வேண்டும்" என்பது காரியம் ஆகாது. அதற்கு ஒரு பக்கப் பிரஸ் நோட் போதும்.

காரியம் இருந்தாலும், ஆள் இல்லாமல் பொருளை மட்டும் காட்டி அதை முடிக்க முடியுமா என்று அடுத்துப் பாருங்கள். யூரோப்பிய காவல் அமைப்பான யூரோபோல் 2017 முதல் இப்படிச் செய்துவருகிறது. சிறார் பாலியல் வன்முறைப் படங்களின் பின்னணியில் இருக்கும் பை, துணி, பாட்டில், சுவர் அலங்காரம் போன்ற பொருட்களை மட்டும் வெட்டியெடுத்து, "இது எந்த ஊரில் விற்பது? யாருக்காவது தெரியுமா?" என்று பொதுமக்களிடம் கேட்கிறார்கள். குழந்தையின் ஒரு விரல்கூட அதில் தெரியாது. ஆனாலும் மக்கள் உதவி கிடைக்கிறது.

நம் ஸ்டேஷன்களிலும் இந்த அறிவு உண்டு. அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால், அனுபவமுள்ள ஏட்டு முதலில் பார்ப்பது சட்டைக் காலரில் தைத்திருக்கும் டெய்லர் லேபிளை. பிறகு பச்சை குத்தியிருக்கிறதா, கயிறு, மோதிரம், செருப்பு என்ன என்று பார்ப்பார். வெளியிட வேண்டிய வரிசையும் அதுவே. இறந்தவரின் முகத்தைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் காயம் தெரியாத கோணத்தில், முகம் துடைத்துச் சுத்தம் செய்த பிறகு எடுத்த படம், அல்லது அதைப் பார்த்து வரைந்த ஓவியம். இறந்த பிறகும் ஒருவருக்குக் கண்ணியம் உண்டு என்பதை நம் நீதிமன்றங்கள் வாழ்வுரிமையின் பகுதியாகவே ஏற்றிருக்கின்றன.

படி 2: வழக்கு எந்த வகை என்று பிரியுங்கள்

சட்டம் சில வழக்குகளில் யோசிக்கவே இடம் தரவில்லை. அவற்றை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டால் மீதியை நிதானமாகப் பார்க்கலாம்.

பாலியல் வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72ஆவது பிரிவின்படி (பழைய இ.பி.கோ. 228ஏ) 2 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். விசாரணைக்காக நல்லெண்ணத்துடன் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ விசாரணை அதிகாரியோ எழுத்துபூர்வமாக உத்தரவிட்டால் விலக்கு உண்டு. பாதிக்கப்பட்டவரே எழுதிக் கொடுத்தாலும் விலக்கு உண்டு. பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் பெற்றோர் சம்மதித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. குடும்பத்தின் அனுமதி என்பது அங்கீகரிக்கப்பட்ட நல அமைப்பின் தலைவருக்கோ செயலாளருக்கோ மட்டும் தரக்கூடியது. இறந்தவரின் பெயரை வெளியிடத் தேவை இருப்பதாக யாராவது நினைத்தால், அதை செஷன்ஸ் நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும் என்று 2018 டிசம்பர் 11 அன்று நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு. பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகை உரிமையாளரும் ஊழியரின் செயலுக்குச் சேர்ந்து பொறுப்பு. விலக்கு தரும் அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்கு மட்டும்தான், அதுவும் குழந்தையின் நலனுக்காக. குழந்தையின் அடையாளத்தை ஊடகத்திடமிருந்து காப்பது காவல் அதிகாரியின் கடமை என்று 24ஆவது பிரிவு நேராகவே சொல்கிறது.

குற்றம் சாட்டப்பட்டவரே சிறுவன் என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. சிறுவன் செய்தது எவ்வளவு கொடூரமானதாக இருந்தாலும் படம் வரக் கூடாது. சாட்சியாக இருக்கும் குழந்தைக்கும் இதே பாதுகாப்பு. சி.சி.டி.வி. காட்சியை அவசர அவசரமாக வெளியிடும்போது அதிகம் மீறப்படுவது இந்தப் பிரிவுதான். காட்சியில் ஓடுகிறவனுக்கு 17 வயதா 19 வயதா என்பது அந்த நிமிடத்தில் யாருக்கும் தெரியாது. சந்தேகம் இருந்தால் சிறுவன் என்றே வைத்துக்கொண்டு முகத்தை மறையுங்கள்.

படி 3: முகத்தை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்

நிபுண் சக்சேனா தீர்ப்பில் இரண்டு எடுத்துக்காட்டுகள் வருகின்றன. ஒரு செய்தியில் பெண்ணின் பெயர் இல்லை, ஆனால் அவர் மாநிலப் பள்ளித் தேர்வில் முதலிடம் பெற்றவர் என்று மாநிலத்தின் பெயரோடு இருந்தது. இன்னொன்றில் பெண்ணின் முகம் மங்கலாக்கப்பட்டிருந்தது, ஆனால் உறவினர்கள், அக்கம்பக்கத்தார் முகங்களும் கிராமத்தின் பெயரும் பளிச்சென்று தெரிந்தன. இரண்டுமே அடையாளத்தை வெளியிட்டதாகவே ஆகும் என்றது நீதிமன்றம்.

நம் கிராமச் சூழலில் இதை இன்னும் கடுமையாகப் பார்க்க வேண்டும். ஊர் பெயர், தெரு, வயது, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பது வரை சொல்லிவிட்டால் பெயர் சொல்லத் தேவையே இல்லை. நூறு வீடுள்ள ஊரில் சாதியும் வயதும் போதும். படத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை பாருங்கள். சீருடை நிறம், பள்ளி பேட்ஜ், அடையாள அட்டையின் கயிறு, வாசலில் நிற்கும் வண்டியின் நம்பர், வீட்டுச் சுவரில் மாட்டிய குடும்பப் போட்டோ, தெருமுனைக் கோயில், கடைப் பலகை. ஸ்டேஷனில் எடுத்த படம் என்றால் மேசை மேல் திறந்து கிடக்கும் கேஸ் கட்டு, பின்னால் ஒளிரும் கணினித் திரை.

படி 4: சந்தேகப்படுபவர் படம் – அவசரப்பட்டால் வழக்கே பலவீனமாகும்

கைது செய்தவரை நிற்க வைத்து, பின்னால் அதிகாரிகள் வரிசையாக நின்று எடுக்கும் படம் நமக்குப் பழகிப்போன ஒன்று. மத்திய உள்துறை அமைச்சகம் 2010 ஏப்ரல் 1 அன்று அனுப்பிய ஊடகக் கொள்கை அறிவுரையிலேயே, கைதானவர்களை ஊடகத்தின் முன் நிறுத்திக் காட்டக் கூடாது, அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டியவர்களின் முகத்தைக் கண்டிப்பாக வெளியிடக் கூடாது என்று இருக்கிறது.

இதில் மனித உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும். விசாரணை அதிகாரியின் சொந்த நலனும் இதில் இருக்கிறது. சாட்சி சிறையில் பத்துப் பேர் வரிசையில் ஒருவரைக் கைகாட்டுகிறார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "அதற்கு முந்தைய வாரம் பேப்பரில் இவர் படம் வந்ததே, பார்த்தீர்களா?" பார்த்தேன் என்று சாட்சி சொல்லிவிட்டால் அந்த அணிவகுப்புக்கு மதிப்பு குறைந்துவிடும். பாதிக்கப்பட்ட பெண் அவ்வளவு வேதனையோடு போய் அடையாளம் காட்டியது வீணாகும். ஒரு நாள் தலைப்புச் செய்திக்காக இதைப் பணயம் வைப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அப்படியென்றால் எப்போது வெளியிடலாம்? ஆள் யார் என்று ஏற்கெனவே உறுதியாகி, தலைமறைவாகி, வேறு வழியில் பிடிக்க முடியாதபோது. அல்லது ஆள் யாரென்றே தெரியாமல், அவரால் இன்னும் பலருக்கு ஆபத்து இருக்கும்போது. 2007 அக்டோபரில் இன்டர்போல் இதைத்தான் செய்தது. சிறுவர்களைத் துன்புறுத்திய ஒருவர் தன் முகத்தைச் சுழல்போலக் குழப்பிப் படங்களை இணையத்தில் போட்டிருந்தார். ஜெர்மன் காவல்துறையினர் அந்தச் சுழலைப் பிரித்து முகத்தை மீட்டார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் தேடியும் கிடைக்காததால், இன்டர்போல் அவர் முகத்தை மட்டும் உலகத்துக்குக் காட்டி உதவி கேட்டது. இரண்டு வாரத்துக்குள் தாய்லாந்தில் அவர் கைதானார். படத்தில் இருந்த சிறுவர்களின் முகம் கடைசிவரை வெளியே வரவில்லை.

கைதானவரின் படம் இல்லாமலும் வெளிப்படையாக இருக்க முடியும். பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 37ஆவது பிரிவின்படி, கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவை ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையகத்திலும் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கப்பட வேண்டும். டிஜிட்டல் முறையிலும் வைக்கலாம். யாரையும் ரகசியமாகப் பிடித்துவைக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. உங்கள் ஸ்டேஷனில் அந்தப் பலகை இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். கைதானவர் சிறுவர் என்றால் மட்டும் அது பொருந்தாது.

படி 5: மறைக்கும் வேலையைச் சரியாகச் செய்யுங்கள்

மேலே சொன்ன சுழல் முகத்தின் பாடம் நமக்கும் பொருந்தும். மென்பொருளால் குழப்பியதை மென்பொருளாலேயே பிரிக்க முடிந்தது. அதனால் லேசான மங்கல், மொசைக் எல்லாம் வேண்டாம். முகத்தின் மேல் முழுக் கருப்புக் கட்டம் போடுங்கள். தலைமுடியும் காதும் சேர்ந்து மறையட்டும். பிறகு அதைப் புதுப் படமாகச் சேமியுங்கள், அடுக்குகள் உள்ள கோப்பாக அனுப்பாதீர்கள்.

வெட்டியதும் மறைந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். 2023இல் கூகுள் பிக்சல் போன்களின் படத் திருத்தக் கருவியிலும் விண்டோஸின் ஸ்கிரீன்ஷாட் கருவியிலும் ஒரு குறை வெளியே வந்தது. வெட்டி எறிந்த பகுதி கோப்புக்குள்ளேயே தங்கி, அதை மீட்டெடுக்க முடிந்தது. பிறகு சரிசெய்துவிட்டார்கள், ஆனாலும் பழைய படங்கள் பழையபடியே இருக்கும். பி.டி.எஃப். கோப்பில் பெயர் மேல் கருப்புப் பட்டை வரைந்து அனுப்புவதும் இதே ஆபத்துதான். அடியில் இருக்கும் எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வந்துவிடும். எஃப்.ஐ.ஆர். நகலை மறைக்க எளிய வழி: அச்செடுத்து, மார்க்கரால் அடித்து, அதை மறுபடி நகலெடுத்து, அந்த நகலை ஸ்கேன் செய்வது.

போன் கேமரா எடுக்கும் படத்துக்குள் தேதி, நேரம், சில நேரம் இடத்தின் துல்லியமான அட்சரேகை தீர்க்கரேகையும் பதிந்திருக்கும். பாதிக்கப்பட்டவரின் வீட்டில் எடுத்த படம் என்றால் வீட்டின் முகவரியை அனுப்புவதும் அதுவும் ஒன்றே. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்தத் தகவல் பெரும்பாலும் கழன்றுவிடும், ஆனால் தெளிவு குறையாமல் இருக்கட்டும் என்று டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். அனுப்பும் முன் அந்தத் தகவலை நீக்கிவிடுங்கள்.

ஒன்று முக்கியம். இந்த வேலை எல்லாம் நகலில்தான் செய்ய வேண்டும். மூலப் படம் சாட்சியம். மின்னணு ஆதாரத்தோடு தாக்கல் செய்யும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பிலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஒரு எண்) இப்போது குறிப்பிட வேண்டியிருக்கிறது. மூலத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

படி 6: யார் கையெழுத்து?

பெரும்பாலான கசிவுக்குக் காரணம் தீர்மானம் எடுக்க ஆள் இல்லாதது. சம்பவ இடத்தில் நாலு போனில் படம் எடுக்கப்படுகிறது. ஒன்று ஸ்டேஷன் குழுவுக்கு, ஒன்று மேலதிகாரிக்கு, ஒன்று தெரிந்த நிருபருக்கு. யார் வெளியிட்டார் என்று பிறகு கேட்டால் யாரும் இல்லை.

2020 ஜூனில் லண்டன் பூங்கா ஒன்றில் சகோதரிகள் இருவர் கொல்லப்பட்ட இடத்துக்குக் காவலுக்கு நிறுத்தப்பட்ட இரண்டு காவலர்கள், உடல்களைத் தங்கள் போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தார்கள். 2021 டிசம்பரில் இருவருக்கும் 2 ஆண்டு 9 மாதம் சிறைத்தண்டனை கிடைத்தது. அங்கே அது நட்புக்காகச் செய்த அத்துமீறலாகப் பார்க்கப்படவில்லை, பொதுப் பணியில் இருந்துகொண்டு செய்த குற்றமாகவே பார்க்கப்பட்டது.

ஆகவே வழக்குப் படத்தை சொந்த போனில் எடுக்க வேண்டாம். எடுக்க வேண்டி வந்தால், அலுவல் கருவிக்கு மாற்றிவிட்டு அழித்ததைப் பொதுக் குறிப்பேட்டில் (ஸ்டேஷனின் அன்றாடப் பதிவேடு) எழுதுங்கள். வெளியிடும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு குறிப்பு இருக்கட்டும்: எந்தப் படம், எந்தக் காரியத்துக்கு, யார் அனுமதி, எந்தத் தேதிவரை. எஃப்.ஐ.ஆர். விஷயத்தில் இப்படி ஒரு ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற வேண்டும், பாலியல் குற்றம், போக்சோ போன்றவை ஏறக் கூடாது, ஏற்ற வேண்டாம் என்ற முடிவை டி.எஸ்.பி. தரத்துக்குக் குறையாத அதிகாரி எடுக்க வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. படத்துக்கும் அதே தரத்து அதிகாரி கையெழுத்திட்டால் போதும் என்பது என் கருத்து. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் மென்பொருள் தானாகப் பூட்டும் என்று விட்டிருந்தார்கள். பழைய சட்டத்திலிருந்து புதிய சட்டத்துக்கு மாறிய வேளையில் அது பூட்டவில்லை என்பதுதான் பிறகு சொல்லப்பட்ட விளக்கம். தானாகப் பூட்டும் என்றாலும், வெளியிலிருந்து ஒரு சாதாரணப் பயனராகப் போய் அந்தப் பக்கம் திறக்கிறதா என்று ஒருவர் பார்த்துவிட வேண்டும்.

படி 7: குடும்பத்துக்கு முதலில் சொல்லுங்கள்

படம் வெளியாகும் முன், அதில் இருப்பவரோ குடும்பமோ அதைப் பார்த்திருக்க வேண்டும். டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது. சம்மதம் வாங்குவது என்றால் ஸ்டேஷன் மேசையில், பத்துப் பேர் நிற்கும்போது வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவது இல்லை. எந்தப் படம், எங்கெல்லாம் போகும், எத்தனை நாள், வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதைத் தமிழில் எழுதிப் படித்துக் காட்ட வேண்டும். "வேண்டாம் என்றாலும் விசாரணை அப்படியே நடக்கும்" என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். பல பெற்றோர் மறுத்தால் கேஸைக் கண்டுகொள்ள மாட்டார்களோ என்ற பயத்தில்தான் தலையாட்டுகிறார்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. அங்கே நிற்கும் யாருக்கும் அந்த நேரத்தில் உங்கள் போனிலிருந்து படத்தை அனுப்ப வேண்டாம். ஸ்டேஷனுக்குத் தேவையான படத்தை விசாரணை அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள். நிருபர் கேட்டால் "வழக்கறிஞரைக் கேளுங்கள்" என்று சொல்லலாம், யாருக்கும் கடன்படவில்லை நீங்கள். பாதிக்கப்பட்டவரின் சமூக ஊடகக் கணக்குகளைப் பிரைவேட் ஆக்கிவிடுங்கள். இப்படிப்பட்ட வழக்குகளில் பரவும் படங்கள் பெரும்பாலும் பழைய ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன.

படி 8: "காணவில்லை" படத்தைத் திரும்பப் பெறுவது

இந்தப் படியை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் சிறுமிகள் விஷயத்தில் அதிகச் சேதம் நடக்கும் இடம் இது.

சிறுமி காணவில்லை என்று எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது. தேடுவதற்காகப் பெயர், வயது, படம், ஊர் எல்லாம் போட்டு நோட்டீஸ் போகிறது. அதுவரை சரி, அது தேவையும்கூட. நாலு நாளில் சிறுமி மீட்கப்படுகிறாள். அவள் சொன்னதைக் கேட்ட பிறகு வழக்கு போக்சோவுக்கு மாற்றப்படுகிறது. அந்த நிமிடத்திலிருந்து அந்த நோட்டீஸ் முழுவதும் வெளியே இருக்கக் கூடாத ஒன்று. ஆனால் அது இன்னும் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கிறது. மறுநாள் பேப்பரில் "மாயமான மாணவி மீட்பு, வாலிபர் போக்சோவில் கைது" என்று பெயரில்லாமல் செய்தி வந்தாலும், ஊரில் எல்லோர் போனிலும் படம் இருப்பதால் யார் என்று கேட்கவே வேண்டியதில்லை.

இதைத் தடுக்க நோட்டீஸ் தயாரிக்கும்போதே தொடங்க வேண்டும். முகம் தெரியும் சமீபத்திய படம் ஒன்று போதும், சீருடையில் இருக்கும் குழுப் படம் வேண்டாம். பெயர் முழுதாக வேண்டாம். பள்ளியின் பெயர் வேண்டாம். தொடர்பு எண்ணாக ஸ்டேஷன் எண்ணும் குழந்தைகள் உதவி எண்ணான 1098உம் இருக்கட்டும். அப்பாவின் செல்போன் எண்ணைப் போட்டால் பணம் பறிக்கும் போன்களும் வரும். ஏன் காணாமல் போனாள் என்ற ஊகம் ஒரு வார்த்தைகூட வரக் கூடாது. கீழே தேதியோடு ஒரு வரி: "குழந்தை கிடைத்ததும் இந்த அறிவிப்பை நீக்கிவிடவும்."

சிறுமி கிடைத்ததும், வழக்கு மாற்றப்படுவதற்கு முன்பே, படம் போன எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி செய்தி போக வேண்டும். அதில் படம், பெயர் எதுவும் இருக்கக் கூடாது: "இன்ன தேதியில் வெளியிட்ட காணவில்லை அறிவிப்பு முடிந்தது, குழந்தை பத்திரமாக இருக்கிறார், எல்லோரும் அழித்துவிடவும்." காரணம் சொல்ல வேண்டாம். காவல்துறைச் சமூக ஊடகப் பக்கத்தில் இருக்கும் பதிவை முதலில் நீக்குங்கள். பழைய பதிவுக்குக் கீழே "கைது செய்யப்பட்டார்" என்று எழுதுவது மிகப் பெரிய தவறு, அது இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். குழு அட்மின்களுக்கு என் வேண்டுகோள்: "எல்லோருக்கும் நீக்கு" வசதிக்கு நேரம் கடந்துவிட்டாலும், உங்கள் குழுவில் அறிவித்து அழிக்கச் சொல்லுங்கள். பாதிப்பேர் அழித்தாலும் நல்லதே.

படி 9: கசிந்துவிட்டது – குடும்பம் என்ன செய்வது

முதல் காரியம், ஆதாரம். பதிவின் இணைப்பு, கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட். ஆனால் படம் ஒரு குழந்தையின் பாலியல் படம் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவே வேண்டாம், இணைப்பை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே போக்சோ 15ஆவது பிரிவில் சிக்கலாகலாம். வைத்திருந்தது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன ஒரு வழக்கில், 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்திருக்கிறது.

இரண்டாவது, நீக்கம். அந்தந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். அந்தரங்கப் படம், மார்பிங் செய்த படம் என்றால் தளங்கள் சில மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டாப் என்.சி.ஐ.ஐ., அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு டேக் இட் டவுன் என்று இரண்டு இலவசச் சேவைகள் இருக்கின்றன. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் ஹாஷ் எண் மட்டும் போகும். அதை வைத்துப் பல தளங்கள் அதே படம் மறுபடி ஏறாமல் தடுக்கும். இதோடு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள், பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் அங்கே கொடுக்கலாம்.

மூன்றாவது, பொறுப்பு. கசிவு ஸ்டேஷனிலிருந்து வந்தது என்று தோன்றினால் அதே ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். எஸ்.பி.க்கோ ஆணையருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள், நகல் வழக்கை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது. உயர் நீதிமன்றம் போவதென்றால் பொள்ளாச்சி, அண்ணா பல்கலைக்கழகம் இரண்டு உத்தரவுகளும் இழப்பீட்டுக்கு வலுவான முன்னுதாரணங்கள்.

படி 10: காவல்துறையின் வேலையைப் பார்க்கக் கேட்பது

படம் கேட்காமல் பதில் கேட்பது எப்படி என்பதுதான் மிச்சம். புகார்தாரருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது இப்போது சட்டம். அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பொதுமக்களோ பத்திரிகையாளர்களோ தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. "விசாரணையில் இருக்கிறது" என்ற ஒற்றை வரியில் மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். விசாரணைக்கு எப்படித் தடையாகும் என்று அவர்கள் காரணம் காட்ட வேண்டும் என 2007இலேயே டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது எளிதாகிவிட்டது. அதனால் யாருடைய தனிப்பட்ட விவரமும் வேண்டாம் என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், 10ஆவது பிரிவின்படி மறைக்க வேண்டியதை மறைத்துக் கொடுங்கள் என்றும் கேளுங்கள்.

கேள்விகள் இப்படி இருக்கலாம்:

"மேற்படி வழக்கு தொடர்பாக இன்ன தேதியில் ஊடகத்துக்கு வழங்கப்பட்ட படங்கள் எத்தனை? அவற்றை வெளியிட அனுமதித்த அதிகாரியின் பதவி என்ன? அந்த அனுமதி எழுத்தில் இருந்தால் அதன் நகல், அடையாள விவரங்களை மறைத்து. வெளியிட்ட படங்களைத் திரும்பப் பெற எடுத்த நடவடிக்கை என்ன, எந்தத் தேதியில்? கசிவு குறித்துத் துறை விசாரணை தொடங்கப்பட்டதா, எந்த நிலையில் இருக்கிறது?"

மனுவை மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு அந்தத் தேதிதான் ஆதாரம்.